மடிப்பில் கிழிந்த காகிதம்: முன்னாள் படைவீரர்களுக்கு இணையச் சேமிப்பை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

படையிலிருந்து ஓய்வு பெற்று வந்த எவரிடமும் ஒரு பை இருக்கும். பிளாஸ்டிக் உறையாக இருக்கலாம், ரெக்சின் பையாக இருக்கலாம், தகரப் பெட்டியின் அடியில் போட்ட பழைய கவராக இருக்கலாம். உள்ளே இருப்பது எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: பணி விடுவிப்புச் சான்று, ஓய்வூதிய ஆணை, மருத்துவக் குழுவின் அறிக்கை, பதக்கச் சான்றுகள், திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று. விடுவிப்புச் சான்றை நாலாக மடித்து வைத்திருப்பார்கள். மடிப்புகள் சந்திக்கும் நடு இடத்தில் ஒரு சின்ன ஓட்டை விழுந்திருக்கும். சில சமயம் அந்த ஓட்டை ஒரு தேதியையே தின்றிருக்கும்.

ஓய்வூதியம், மருத்துவம், காயத்துக்கான இழப்பீடு, வேலையில் முன்னுரிமை, காலமான பிறகு மனைவிக்குச் சேரவேண்டிய தொகை என்று எந்தக் கவுன்ட்டரில் போய் நின்றாலும் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். ஒருவருடைய மீதி வாழ்க்கையே அதை நம்பி ஓடுகிறது. கோப்புகளை இணையத்தில் சேமித்து, வேண்டியவர்களோடு பகிர்ந்துகொள்ள முன்னாள் வீரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை நான் இவ்வளவு முக்கியமாகக் கருதுவதற்கு அதுதான் காரணம்.

"அதான் அரசாங்கத்திடம் இன்னொரு பிரதி இருக்குமே" என்று கேட்பார்கள். அமெரிக்காவிலும் அப்படித்தான் நம்பினார்கள். செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு அருகே இருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் 1973 ஜூலை 12 அன்று, நள்ளிரவு தாண்டிச் சற்று நேரத்தில், ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. ஆவணங்கள் இருந்த தளங்களில் தானாகத் தண்ணீர் தெளிக்கும் வசதி இல்லை. தீ முழுக்க அணைந்துவிட்டது என்று அறிவிக்க நாலரை நாள் ஆனது. எரிந்தவை 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான படைவீரர்களின் பணிக் கோப்புகள். 1912 நவம்பர் தொடங்கி 1960 ஜனவரி வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் போய்விட்டது. விமானப்படைக் கோப்புகளிலும் ஒரு பெரும் பகுதி போனது. நகல் எடுத்து வைக்கவில்லை, மைக்ரோஃபிலிம் இல்லை, என்னென்ன இருந்தன என்ற முழுப் பட்டியல்கூட இல்லை. தப்பித்தவற்றையும் தண்ணீரும் பூஞ்சையும் பிடித்துக்கொண்டன. நனைந்த காகிதங்களை உலர்த்த, விமானம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் வெற்றிட அறையைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

லண்டனில் அதற்கு முன்பே இது நடந்திருக்கிறது. 1940 செப்டம்பரில் விழுந்த குண்டில் போர்த்துறையின் ஆவணக் கிடங்கு எரிந்தது. முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் வீரர்களின் கோப்புகளில் சுமார் 60 சதவீதம் அத்தோடு காணாமல் போனது. ஓரம் கருகித் தப்பித்த மீதிக்கு ஆவணக் காப்பக வட்டாரத்தில் இன்றைக்கும் 'எரிந்த ஆவணங்கள்' என்றுதான் பெயர்.

வகுப்பை இந்தக் கதையில் தொடங்கினால் போதும், 'இது எனக்கு எதற்கு' என்ற கேள்வி எழாது. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்றால் என்ன ஆகும் என்று ஒரு படைவீரருக்கு இரண்டாவது தடவை விளக்க வேண்டியதில்லை.

மேகம் வேண்டாம், கிடங்கு என்று சொல்லுங்கள்

நான் கவனித்த வரையில், பல வகுப்புகள் முதல் கால் மணி நேரத்திலேயே தடம் மாறிவிடுகின்றன. இணையச் சேமிப்பை ஆங்கிலத்தில் கிளவுட், அதாவது மேகம், என்பதால் 'மேகக் கணிமை என்றால் என்ன' என்று ஒரு படம் போட்டு ஆரம்பிப்பார்கள். மேகம் என்ற சொல்லே பாதிக் குழப்பத்தை உண்டாக்கிவிடுகிறது. தன்னுடைய காகிதம் ஆகாயத்தில் எங்கோ மிதக்கிறது என்று கேட்டால் எவருக்கும் நம்பிக்கை வராது.

கிடங்கு என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஒரு நிறுவனத்தின் கட்டடத்தில் வரிசை வரிசையாகக் கணினிகள். வாசலில் காவல், உள்ளே குளிரூட்டல், மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு. ஒரே கோப்பின் பிரதிகள் ஒன்றுக்கும் மேற்பட்ட இடங்களில் இருக்கும். நம் பொருள் அங்கே கிடக்கிறது, நம்மிடம் இருப்பது சாவி. எந்த ஊரிலிருந்தும், எந்தக் கருவியிலிருந்தும் சாவியைக் காட்டிப் பொருளைப் பார்க்கலாம். டிராப்பாக்ஸ் 2008-லும், ஆப்பிளின் ஐகிளவுட் 2011-லும், கூகுள் டிரைவ் 2012-லும் பொதுமக்களுக்குத் திறந்தன. மைக்ரோசாஃப்டின் சேவைக்கு 2014-லிருந்து ஒன்டிரைவ் என்று பெயர். பணம் கட்டாமல் கூகுள் 15 ஜிபி கொடுக்கிறது, ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் 5 ஜிபி, டிராப்பாக்ஸ் 2 ஜிபி. ஒருவருடைய முக்கியமான காகிதங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தாலும் இதில் ஒரு மூலையைக்கூட நிரப்பாது. இடத்தை நிரப்புவது வீடியோக்கள்தான்.

கூகுளின் 15 ஜிபி மட்டும் மின்னஞ்சல், படங்கள், டிரைவ் மூன்றுக்கும் பொதுவானது. வீடியோக்களால் அது நிரம்பி வழிந்தால் மின்னஞ்சல் வருவதும் நின்றுபோகும். ஓய்வூதிய அலுவலகம் அனுப்பிய கடிதம் ஏன் வரவில்லை என்று தேடிப் போனால், குரூப்பில் வந்து சேர்ந்த காலை வணக்க வீடியோக்கள்தான் வழியை அடைத்துக்கொண்டிருந்தன என்று தெரியவரும்.

எந்தச் சேவை நல்லது என்று கேட்பார்கள். ஏற்கனவே கையில் இருக்கும் போனோடு வந்ததையே பயன்படுத்தச் சொல்வேன். புதுக் கணக்கு, புதுக் கடவுச்சொல் என்று ஆரம்பித்தால் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

ஒரு காகிதம், ஒரு ஜன்னல்

முதல் பாடத்துக்கு ஒரே ஒரு காகிதம் போதும். அது அவருடைய சொந்த விடுவிப்புச் சான்றாக இருக்கட்டும். 'மாதிரி 1' என்று ஆசிரியர் கொண்டுவரும் கோப்பில் யாருக்கும் அக்கறை வராது.

காகிதத்தை ஜன்னலோரமாக மேசையில் விரிக்கச் சொல்லுங்கள். அடியில் கறுப்புத் துணியோ அடர்ந்த நிற அட்டையோ இருந்தால் ஓரங்களைப் போன் தானே கண்டுபிடித்துவிடும். மடிப்பைக் கையால் தேய்த்து நிமிர்த்த வேண்டாம், அந்த இடத்தில்தான் காகிதம் கிழியக் காத்திருக்கிறது. நாலு மூலையிலும் ஏதாவது கனமான பொருளை வைத்தால் போதும். டியூப்லைட் நேர் மேலே இருந்தால் தலையின் நிழல் காகிதத்தில் விழும். அதனால்தான் ஜன்னல். கேமராவை விட, கூகுள் டிரைவ், ஐபோனின் நோட்ஸ், ஒன்டிரைவ் ஆகியவற்றுக்குள்ளேயே இருக்கும் ஸ்கேன் வசதி நல்லது. கோணலை நிமிர்த்தி, இரண்டு பக்கத்தையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக்கிக் கொடுக்கும். பின்பக்கத்தை மறந்துவிடக் கூடாது. முத்திரையும் திருத்தக் குறிப்பும் பல சமயம் அங்கேதான் இருக்கும்.

எடுத்த பிறகு போனில் பெரிதாக்கிப் பார்த்து, பணி எண்ணை அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்க முடிந்தால் ஸ்கேன் சரி. இல்லையென்றால் இன்னொரு தடவை.

அப்புறம் பெயர். போன் தானாக வைக்கும் பெயர் ஸ்கேன், ஒரு கோடு, பன்னிரண்டு இலக்க எண் என்று இருக்கும். ஆறு மாதம் கழித்து அது யாருக்கும் உதவாது. ஆண்டு, மாதம், நாள், பிறகு என்ன காகிதம் என்ற வரிசையில் பெயர் வைத்தால் எல்லாக் கோப்புகளும் கால வரிசையில் தாமாகவே நிற்கும்: '1994-08-31 விடுவிப்புச் சான்று', '1996-02-10 மருத்துவக் குழு அறிக்கை'. வாழ்நாள் முழுக்க நாள், மாதம், ஆண்டு என்று எழுதிப் பழகிய கைக்கு இது தலைகீழாகத் தோன்றும். இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஏன் என்று புரிந்துவிடும். பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். தேடினால் தமிழிலேயே கிடைக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமலே ஆங்கில எழுத்துக்குத் தயங்கி ஒதுங்கியவர்கள் இருக்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

இங்கே ஒரு விஷயத்தில் அவசரப்படக் கூடாது. சேமிப்பு வேறு, ஒத்திசைவு வேறு; ஓரிடத்தில் செய்யும் மாற்றம் மற்ற இடத்திலும் தானாக நடப்பதுதான் ஒத்திசைவு. போனும் கிடங்கும் ஒத்திசைவில் இருந்தால், போனில் இடம் போதவில்லை என்று ஒரு கோப்பை அழிக்கும்போது கிடங்கிலும் அது அழியும். 'அதுதான் மேலே ஏற்றிவிட்டோமே' என்ற தைரியத்தில் போனைச் சுத்தம் செய்து, அடுத்த நாள் இரண்டு இடத்திலும் காணாமல் தவிப்பவர்கள் எக்கச்சக்கம். பெரும்பாலான சேவைகளில் அழித்த கோப்பு 30 நாள் வரை குப்பைத் தொட்டியில் இருக்கும், அதற்குள் மீட்கலாம். வகுப்பிலேயே ஒரு கோப்பை வேண்டுமென்றே அழிக்கச் சொல்லி, குப்பைத் தொட்டியிலிருந்து அவர் கையாலேயே எடுக்க வையுங்கள். அழித்துவிடுவோமோ என்ற பயம் விட்டுப்போக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கிடங்கில் ஒன்று இருக்கிறது என்பதற்காக மற்றதை விட்டுவிடவும் கூடாது. 3-2-1 என்று ஒரு கணக்கு சொல்வார்கள்: மூன்று பிரதி, இரண்டு வகையான ஊடகம், அதில் ஒன்றாவது வீட்டுக்கு வெளியே. மூலக் காகிதம் பையில், ஒரு பிரதி பென் டிரைவில், ஒரு பிரதி இணையத்தில். செயின்ட் லூயிஸில் இந்தக் கணக்கு ஒன்றில் நின்றுபோயிருந்தது.

பகிர்வது என்றால் அனுமதி கொடுப்பது

சேமிப்பதை ஓரிரு மணி நேரத்தில் கற்றுக்கொள்வார்கள். தயக்கம் பகிர்வில்தான் வரும். எதிரே இருப்பவர் கூச்சப்படுகிறார், பழமையில் ஊறியவர் என்று ஆசிரியர் நினைத்துவிடக் கூடாது. தெரிய வேண்டியவருக்கு மட்டும், தெரிய வேண்டிய அளவுக்கு மட்டும் சொல்ல வேண்டும் என்று வருடக்கணக்கில் பழக்கப்பட்டவர் அவர். அந்தப் பழக்கம் சரியானது. இணையத்தில் கோப்பைப் பகிர்வதற்கு அதைவிடப் பொருத்தமான அடிப்படையும் கிடையாது. அவரை மாற்ற முயலாமல் அந்தப் பழக்கத்தின் மேலேயே பாடத்தைக் கட்டலாம்.

நகலைக் கொடுப்பதும் அனுமதி கொடுப்பதும் இரண்டு வேறு செயல்கள். வாட்ஸாப்பிலோ மின்னஞ்சலிலோ கோப்பையே அனுப்பினால் அது நகல். போனது போனதுதான், திரும்ப வாங்க முடியாது. (வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, பொடி எழுத்துக்கள் மங்கிப்போகும். ஆவணமாக இணைத்து அனுப்பினால்தான் உள்ளபடியே போய்ச் சேரும்.) கிடங்கில் இருக்கும் கோப்புக்கு லிங்க் கொடுப்பது அனுமதி. பொருள் இருந்த இடத்திலேயே இருக்கிறது, வந்து பார்க்க ஒருவருக்கு வழி விடுகிறோம். நாளைக்கே அந்த வழியை மூடலாம். ஆயுதக் கிடங்கில் யார் பெயருக்கு எது கொடுக்கப்பட்டது என்று பதிவேடு இருக்குமே, அதேபோல ஒவ்வொரு கோப்பிலும் யார் யாருக்கு அனுமதி என்ற பட்டியல் இருக்கிறது. அதைத் திறந்து காட்டுங்கள். படைப்பிரிவில் ஸ்டோர் கணக்குப் பார்த்தவருக்கு இது பழகிய பதிவேடாகவே தெரியும்.

அனுமதியிலும் படிகள் உண்டு: பார்க்க மட்டும், கருத்து எழுத, திருத்த. மகளுக்குத் 'திருத்த' கொடுக்கலாம். படிவம் நிரப்பித் தருபவருக்குப் 'பார்க்க' போதும். இதைவிட முக்கியமானது அதற்கு மேலே உள்ள ஒரு வரி: குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டுமா, அல்லது லிங்க் கையில் உள்ள எவருக்குமா? இரண்டாவது வசதியானது, ஒரே தட்டலில் முடிந்துவிடும். அதனாலேயே ஆபத்து. லிங்க் ஒரு குரூப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால், தாவிய ஒவ்வொரு இடத்திலும் கதவு திறந்தே கிடக்கும்.

இது இணையத்தில் பிறந்த தவறும் இல்லை. அமெரிக்காவில் விடுவிப்புச் சான்றுக்கு டிடி 214 என்று பெயர். தொலைந்துவிடக் கூடாது என்று, அதை மாவட்ட நீதிமன்றத்தின் பதிவு அலுவலகத்தில் பதிந்து வைக்கும்படி பல தலைமுறை வீரர்களுக்கு ஆலோசனை சொன்னார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அங்கே பதிந்தது பொது ஆவணமாகிவிட்டது, யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். ஒருவரின் சமூகப் பாதுகாப்பு எண் (அங்கே அரசு கொடுக்கும் அடையாள எண்), பிறந்த தேதி எல்லாம் அதில் இருந்தன. ஆள்மாறாட்ட மோசடி பெருகிய பிறகுதான் பல மாநிலங்கள் சட்டம் போட்டு அந்தப் பதிவேடுகளை மூடின. பத்திரமான இடம் என்று நினைத்து வைத்தது திறந்த இடமாக இருந்தது. லிங்க் உள்ள எவருக்கும் என்ற அமைப்பை விளக்க, எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

அவநம்பிக்கைக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதையும் மறைக்காமல் பேச வேண்டும். 2006 மே மாதம் அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் ஊழியர் ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போயிருந்த லேப்டாப்பும் ஹார்ட் டிஸ்க்கும் திருடு போயின. அதில் 2.65 கோடிப் பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் இருந்தன. அடுத்த மாதமே கருவிகள் கிடைத்துவிட்டன, தகவலை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை என்றார்கள். ஆனாலும் வழக்கு நடந்து, 2009-ல் 2 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. "நான் கவனமாக இருந்து என்ன தம்பி, மேலே இருக்கிறவர்கள் தொலைத்துவிடுகிறார்களே" என்று ஒருவர் கேட்டால், அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அடுத்தவர் கையில் இருக்கும் பிரதியை நம்மால் காக்க முடியாது, நம் கையில் இருக்கும் சாவியை நன்றாகவே காக்கலாம் என்பதே என் பதில்.

சாவி என்றால் கடவுச்சொல்லும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் (கடவுச்சொல்லோடு நிற்காமல் போன் வழியாகவும் நீங்கள்தானா என்று உறுதி கேட்பது). மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று, நட்சத்திரக் குறி போடு என்ற பழைய போதனைகளை விட்டுவிடலாம். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமே 2017-ல் தன் வழிகாட்டியில், காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று எழுதிவிட்டது. ஒன்றோடு ஒன்று தொடர்பில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்த நீளமான கடவுச்சொல், இந்த ஒரு கணக்குக்கு மட்டும். படைப்பிரிவின் பெயரும் எண்ணும் மட்டும் அதில் வேண்டாம், ஏனென்றால் பழைய தோழர்கள் எல்லோருக்கும் அது தெரியும். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போட்டதும் மாற்றுக் குறியீடுகளை அச்சடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூகுளில் பத்து குறியீடுகள் கிடைக்கும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். போன் தொலைந்த நாளில் கணக்குக்குள் நுழைய அவைதான் வழி. அந்தத் தாளை எங்கே வைப்பது? அந்தப் பழைய பையில்தான், விடுவிப்புச் சான்றுக்குப் பின்னால்.

மோசடிக்காரர்கள் முன்னாள் வீரர்களைக் குறிவைப்பது உலகம் முழுக்க நடக்கிறது. மாதம் தவறாமல் பணம் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். நிலுவைத் தொகை வாங்கித் தருகிறோம், ஆவணங்களை அனுப்புங்கள் என்று வருபவர்கள் ஒரு வகை. 'உங்களோடு ஒருவர் ஒரு கோப்பைப் பகிர்ந்துள்ளார்' என்று போலி மின்னஞ்சல் அனுப்பிக் கடவுச்சொல்லைப் பறிப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டாவதற்கு ஒரு எளிய பழக்கம் போதும்: மின்னஞ்சலில் உள்ள லிங்க்கைத் தொடாமல், டிரைவைத் தானே திறந்து, 'என்னுடன் பகிர்ந்தவை' பகுதியில் பார்ப்பது. அங்கே இருந்தாலும் அனுப்பியவரைத் தெரியுமா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

காதும் கையும் மனமும்

சொல்லிக்கொடுக்கும் விதத்தைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். அமெரிக்காவில் முன்னாள் வீரர்கள் இழப்பீடு பெறும் பாதிப்புகளில் முன்வரிசையில் நிற்பவை காது இரைச்சலும் செவித்திறன் குறைவும். துப்பாக்கி, பீரங்கி, இயந்திரம் இவற்றுக்கு நடுவே வாழ்ந்தவர்களுக்கு அது எந்த நாட்டிலும் நடக்கக் கூடியது. ஆகவே திரையைப் பார்த்துக்கொண்டே பேசும் ஆசிரியர் வேண்டாம். முகத்தைப் பார்த்து, நிதானமாக. ஒவ்வொரு படியையும் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கையில் கொடுக்க வேண்டும். தலையில் அடிபட்டவர்களுக்கு நேற்றைய பாடம் இன்று நினைவில் இல்லாமல் போகலாம். கையில் தாள் இருந்தால் அதற்காக அவர் வெட்கப்பட வேண்டிய அவசியமே வராது. விரல் நடுங்குபவருக்குப் போனை விட டேப்லெட் நல்லது, தொடும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளும் அமைப்பும் போனிலேயே இருக்கிறது. பின்னாலிருந்து வந்து தோளைத் தொட்டு உதவாதீர்கள். அவர் கையிலிருந்து போனை வாங்கி, "இதோ ஐயா, முடிந்தது" என்று நீங்களே செய்து கொடுக்காதீர்கள். முடிந்தது உங்களுக்குத்தான், அவருக்கு எதுவும் தொடங்கவே இல்லை.

படங்களைப் பற்றிய ஒரு விஷயத்தைப் பலரும் யோசிப்பதில்லை. பழைய ஆல்பங்களை ஏற்றியதும் சேமிப்புச் சேவை அவற்றை 'நினைவுகள்' என்று கோர்த்து, ஒரு காலை நேரத்தில் இசையோடு திரையில் நீட்டும். ஒரு தாக்குதலில் உயிரிழந்த தோழனின் முகம், தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது எந்த அறிவிப்பும் இல்லாமல் வந்து நிற்கும். கூகுள் ஃபோட்டோஸில் குறிப்பிட்ட ஆட்களையும் குறிப்பிட்ட தேதிகளையும் நினைவுகளில் காட்ட வேண்டாம் என்று மறைக்கலாம். ஆப்பிளிலும் இதேபோல் உண்டு. படங்களை ஏற்றச் சொல்லிக்கொடுக்கும் அன்றைக்கே இந்த அமைப்பையும் காட்டிவிட வேண்டும். மறைப்பதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்வார்.

எதை ஏற்றவே கூடாது என்பதும் பாடத்தில் உண்டு. பணிக்கால வரைபடங்கள், முகாமின் உள்ளமைப்பு தெரியும் படங்கள், ரகசிய முத்திரை போட்ட தாள்கள் எவ்வளவு பழையதானாலும் இணையத்துக்குப் போகக் கூடாது. படத்துக்குள் ஒளிந்திருக்கும் இடக் குறிப்பையும் சொல்ல வேண்டும். 2007-ல் ஈராக்கில் ஒரு தளத்துக்குப் புதிதாக வந்த ஹெலிகாப்டர்களை வீரர்கள் படம் எடுத்து இணையத்தில் போட, படத்தில் பதிந்திருந்த இடக் குறிப்பை வைத்து எதிரிகள் குண்டு வீசி நாலு அப்பாச்சி ஹெலிகாப்டர்களை அழித்தார்கள் என்று அமெரிக்கத் தரைப்படையே பின்னாளில் சொல்லியிருக்கிறது. 2018 ஜனவரியில், ஓட்டப் பயிற்சியைப் பதிவு செய்யும் ஸ்டிராவா செயலியின் உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகள் ஒளிர்வது தெரியவந்ததும் இதே வகைதான். ஓய்வு பெற்றவரின் பழைய படங்கள் யாரையும் காட்டிக்கொடுக்காது என்று நினைக்கலாம். அதில் நிற்கும் தம்பிகளில் சிலர் இன்னும் பணியில் இருப்பார்கள்.

தோழனின் பெட்டியில் உன் சான்று

பகிர்வு வீரர்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்ற கேள்விக்கு, செயின்ட் லூயிஸ் தீக்குப் பிறகு நடந்ததில் பதில் இருக்கிறது. கோப்பு எரிந்தவர்கள் காயத்துக்கான இழப்பீடு கேட்டு வந்தபோது, மாற்றுச் சான்றுகளை ஏற்றுக்கொண்டார்கள். கூடப் பணியாற்றியவர்களின் வாக்குமூலம், அந்தக் காலத்தில் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள், அப்போது எடுத்த படங்கள், சம்பளச் சீட்டுகள் எல்லாம் சேர்ந்து ஒருவரின் பணிக்காலத்தைத் திரும்பக் கட்டின. இவற்றில் பல அவரிடம் இல்லை. இன்னொருவர் பெட்டியில் இருந்தன. காலில் கட்டோடு நீங்கள் நிற்கும் படம் உங்களிடம் இருக்காது, எடுத்தவரிடம்தான் இருக்கும். நீங்கள் அந்த மாதம் அந்த முகாமில் இருந்தீர்கள் என்பதற்கு அவர் தன் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரி இருக்கலாம்.

ஆகவே, ஒரே பிரிவில் இருந்த எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து ஒரு பொதுக் கோப்புறை வைத்துக்கொள்வதை நான் மிகவும் வலியுறுத்துவேன். பெயர் சொல்லிச் சேர்த்தவர்களுக்கு மட்டும் திறக்கும் கோப்புறை. உள்ளே படங்கள், ஒவ்வொன்றிலும் வருடம், இடமிருந்து வலமாக யார் யார் என்ற குறிப்பு. யார் காலமானார்கள், அவர்கள் குடும்பத்தின் தொடர்பு யாரிடம் இருக்கிறது என்று ஒரு தாள். அடுத்தவருடைய மருத்துவ அறிக்கையோ விடுவிப்புச் சான்றோ அதில் வரக் கூடாது, அவை அவரவர் தனிக் கோப்புறையில். ஒருவர் முகத்தைப் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்பதும், இறந்தவர் என்றால் அவர் வீட்டில் கேட்பதும் மரியாதை. படத்துக்கு அடியில் பெயர்களை எழுதும் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டாவது வரிசையில் மூன்றாவதாக நிற்பவர் யார் என்று தெரிந்தவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

அப்புறம் கடைசியாக, சாவியை யாரிடம் விட்டுப்போவது. இதைப் பேசத் தயங்குவது பெரும்பாலும் ஆசிரியர்கள்தான், வீரர்கள் தயங்குவதில்லை. போர்முனைக்குப் போகும் முன் நெருங்கிய உறவினர் பெயரைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள். கூகுளில் 2013 முதல் அதற்கொரு ஏற்பாடு உண்டு: மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை நாம் குறிக்கும் காலத்துக்குக் கணக்கு அசைவில்லாமல் இருந்தால், நாம் குறித்தவருக்குத் தகவல் போகும், நாம் அனுமதித்த பகுதிகளை அவர் எடுத்துக்கொள்ளலாம். ஆப்பிள் 2021 இறுதியில் மரபுத் தொடர்பாளர் (நமக்குப் பிறகு கணக்கைத் திறக்க நாமே குறிப்பவர்) என்ற வசதியைக் கொண்டுவந்தது. இதைச் செய்யாமல் விட்டால், இரண்டு வருடம் யாரும் தொடாத கூகுள் கணக்கை, அதில் உள்ள எல்லாவற்றோடும் சேர்த்து, அந்த நிறுவனம் அழிக்கலாம். 2023 டிசம்பர் முதல் அந்த விதி நடைமுறையில் இருக்கிறது. கணவரின் ஓய்வூதியத்துக்காக மனைவி ஓட வேண்டிய நாளில்தான் அந்தக் கோப்புறை அதிகம் தேவைப்படும். ஆகவே அந்த அம்மாவும் வகுப்புக்கு வர வேண்டும், அதே மேசையில், பக்கத்து நாற்காலியில்.

பரீட்சை என்று ஒன்று வைப்பதானால் நான் வைப்பது இதுதான். அவர் விடுவிப்புச் சான்றுக்கு, வேறு ஊரில் இருக்கும் மகளுக்குப் 'பார்க்க' அனுமதி கொடுக்கட்டும். மகளுக்குப் போன் போட்டுப் பணி எண்ணை வாசிக்கச் சொல்லட்டும். அவள் வாசித்ததும், அவர் பட்டியலைத் திறந்து அவள் பெயரை எடுத்துவிடட்டும். "இப்போது திறந்து பாரம்மா." "வரவில்லையே அப்பா, அனுமதி கேட்கச் சொல்கிறது." "சரி, கேள்." அவர் போனில் மகளின் பெயரோடு ஒரு கோரிக்கை வந்து நிற்கும். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பெயரை ஒருமுறை வாசித்துப் பார்த்து, அவரே அனுமதி கொடுப்பார்.